கறுப்புக்கும் கசப்புக்கும் பகையில்லை

பியரைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கதை வந்து சேர்ந்துவிடுகிறது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களுக்கு லண்டனிலிருந்து போர்ட்டர் என்னும் கறுப்பு பியரைக் கப்பலில் அனுப்பினார்களாம். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி வருவதற்குள் அது புளித்துக் கெட்டுப்போனதாம். லண்டன் பக்கம் போ என்ற ஊரில் ஆலை வைத்திருந்த ஜார்ஜ் ஹாட்ஜ்சன் இதைப் பார்த்துவிட்டு, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டு, போதையையும் ஏற்றி, வெளிர் நிறத்தில் புதிதாக ஒரு பியரைக் கண்டுபிடித்தாராம். அதுதான் இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐபிஏ. பாட்டில் லேபிளில் இந்தக் கதை இருக்கிறது. ஆலையைச் சுற்றிக் காட்டுபவர் சொல்கிறார். வீட்டில் பியர் காய்ச்சக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்களும் முன்னுரையில் இதைச் சொல்லிவிட்டுத்தான் செய்முறைக்கு வருகின்றன.

கதையோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அதன்மேல் ஒரு சட்டத்தையே கட்டிவிட்டார்கள். ஹாப்ஸின் கசப்பும் மணமும் வெளிர் பியருக்கு உரியவை. கறுப்பு பியர் இனிப்பாக, கனமாக, குளிர்காலத்துக்கென்று இருக்க வேண்டியது. இரண்டையும் ஒரே பீப்பாயில் சேர்க்கும் கறுப்பு ஐபிஏ 1990களில் அமெரிக்காவில் கிளம்பிய ஒரு வேடிக்கை. அந்த வேடிக்கையும் இப்போது ஓய்ந்துவிட்டது. வீட்டு அடுப்பில் காய்ச்சுகிறவர் அதில் காசையும் நேரத்தையும் போடக்கூடாது. இதுதான் இன்று நிலவும் கருத்து. இதை முழுக்க மறுக்கிறேன். வலிமையும் கருமையும் ஹாப்ஸின் கசப்பும் ஒன்றாகச் சேர்ந்த பியர் பழையது. அதற்கு வேதியியலில் எந்தத் தடையும் இல்லை. அதைக் காய்ச்சுவதற்கு ஆலையைவிட வீடுதான் பொருத்தமான இடம்.

வீடு என்று நான் சொல்வது எங்கே என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். நான் பேசுவது அனுமதியுள்ள நாடுகளைப் பற்றி. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சுவதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டை 1963இல், ரெஜினால்ட் மாட்லிங் நிதியமைச்சராக இருந்தபோது நீக்கினார்கள். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையைத் தேசிய அளவில் எடுத்தது. இன்று உலகம் குடிக்கும் புதுவகை பியர்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு முடிவுகளுக்குப் பிறகு வீட்டுச் சமையலறைகளில் முளைத்தவைதான் என்பது என் எண்ணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். போர்ட்டர் கடல் தாண்டாது என்பது முதல் பொய். 1768 ஆகஸ்டில் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது. அதில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் நாள் தவறாமல் குறிப்பு எழுதியவர். புறப்பட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், 1769 ஆகஸ்ட் 25 அன்று, பாதுகாத்து வைத்திருந்த செஷயர் பாலாடைக்கட்டியை எடுத்து, ஒரு பீப்பாய் போர்ட்டரையும் திறந்ததாகவும், அது மிக நன்றாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பீப்பாய் அட்லாண்டிக்கின் வெப்பத்தைக் கடந்து, ஹார்ன் முனையின் குளிரைச் சுற்றி, தஹீத்தியின் வெயிலில் மாதக்கணக்கில் நின்றுவிட்டுத் தென்பசிபிக்குக்கு வந்திருந்தது. லண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனை வழியாக இந்தியா வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஓராண்டைத் தாங்கிய பியர் ஆறு மாதத்தில் கெட்டுப்போகும் என்று எந்த ஆதாரத்தில் நம்புவது?

உண்மையில் இந்தியாவுக்குப் போர்ட்டர் வந்துகொண்டே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைவீரர்களுக்காக அதை வாங்கியது. கம்பெனி ஆட்சி போய் அரசி ஆட்சி வந்த பிறகும் ராணுவத்துக்கான போர்ட்டர் கொள்முதல் நின்றுவிடவில்லை. லண்டன் சவுத்தார்க்கில் இருந்த பார்க்ளே பெர்கின்ஸ் ஆலையின் பழைய காய்ச்சல் பதிவேடுகளில் இந்தியாவுக்கான போர்ட்டருக்கென்றே தனிக் குறியீடு உண்டு. உள்ளூரில் விற்ற போர்ட்டரைவிட அதில் ஹாப்ஸ் அதிகம். கறுப்பு நிறம், கூடுதல் ஹாப்ஸ், இந்தியப் பயணம்: மூன்றும் ஒரே பீப்பாயில் இருந்தன. கதாநாயகனான ஹாட்ஜ்சனே அடிப்படையில் ஒரு போர்ட்டர் காய்ச்சுநர்தான். லண்டனின் கிழக்கு ஓரத்தில் லீ ஆற்றங்கரையில் 1752இல் தொடங்கிய ஆலை அவருடையது. கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வால் அங்கிருந்து கூப்பிடு தூரம். கப்பல் தலைவர்களுக்குப் பதினெட்டு மாதம் வரை கடன் கொடுத்தார் என்பதுதான் அவருடைய வெற்றியின் ரகசியம். கல்கத்தாவில் அவருடைய பேல் ஏல் விற்றது, அவருடைய போர்ட்டரும் விற்றது.

சூடான நாட்டுக்குப் போகும் பியரில் ஹாப்ஸைக் கூட்ட வேண்டும் என்ற அறிவுரையும் ஹாட்ஜ்சனின் கண்டுபிடிப்பில்லை. 1760களிலேயே காய்ச்சுநர்களுக்கான நூல்களில் அது வந்துவிட்டது. அந்த அறிவுரை நிறம் பார்த்துச் சொல்லப்பட்டதும் இல்லை. ஹாட்ஜ்சன் கண்டுபிடித்தார் என்ற கூற்று அச்சில் பரவுவதற்கு வில்லியம் மாலினோ பர்ட்டன் நகரத்தைப் பற்றி 1869இல் எழுதிய நூல் முக்கியக் காரணம். ஆலை தொடங்கி நூறு ஆண்டுக்கு மேல் ஆனபின் எழுதியது அது. இந்தியாவுக்கான பேல் ஏல் அந்தக் காலத்துக்கு வலிமையான பியரும் இல்லை. இன்றைய கணக்கில் ஆறு, ஆறரை சதவீத ஆல்கஹால். அன்றைய இங்கிலாந்தின் பண்ணை வீடுகளில் அக்டோபரில் காய்ச்சி வைத்த ஏல்கள் அதைவிட வலிமையானவை.

அப்படியானால் பேல் ஏலின் கதை மட்டும் ஏன் நிலைத்தது? இதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு, அதைச் சொல்லும்போது எனக்குக் கோபமும் வருகிறது. பேல் ஏலைக் குடித்தவர்கள் அதிகாரிகளும் வணிகர்களும். நாட்குறிப்பு எழுதியவர்கள் அவர்கள், பத்திரிகை விளம்பரம் அவர்களுக்காக, ஊர் திரும்பியபின் அதே பியரைக் கேட்டு வாங்கியவர்களும் அவர்களே. போர்ட்டரைக் குடித்தவன் பாசறையில் இருந்த சாதாரணச் சிப்பாய். அவனுக்காக வந்த பியர் ஒப்பந்தக் காகிதங்களிலும் ஆலைப் பேரேடுகளிலும் மட்டுமே பதிந்திருக்கிறது. எழுதத் தெரிந்தவன் குடித்த பியர் வரலாறாகிவிட்டது. அந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, ஹாப்ஸ் வெளிர் பியரின் சொத்து என்று இன்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

கறுப்பு பியர் குளிர் நாட்டுக்கானது என்ற நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடலாம். இந்தியாவுக்கு போர்ட்டர் அனுப்பிய அதே பார்க்ளே பெர்கின்ஸ் ஆலை ரஷ்யாவுக்கும் தன் வலிமையான கறுப்பு ஸ்டவுட்டை அனுப்பியது. பனிக்கும் வெயிலுக்கும் ஒரே ஆலை, ஒரே நிறம். டப்ளினின் கின்னஸ் 1801இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று ஹாப்ஸ் கூட்டிக் காய்ச்சிய போர்ட்டர்தான் பிற்காலத்தில் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் ஆனது. அதன் ஆல்கஹால் 7.5 சதவீதம், நல்ல கசப்பு. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே கின்னஸ் தன் முதல் ஆலையைக் கட்டியது நைஜீரியாவின் லாகோஸில். குளிர்காலமே இல்லாத ஊர் அது. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். நுவரெலியாவில் 1881இல் தொடங்கிய காய்ச்சல் மரபில் வந்தது. பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதைத் தேடிப் போய்க் குடித்து உலகுக்குச் சொன்னார். கொழும்பின் வெக்கையில் அதைக் குடிப்பவரிடம் போய், இது பனிப்பிரதேசத்துப் பானம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது நிறம். கருமை என்றாலே கனம், இனிப்பு, போதை என்று கண் நம்மிடம் சொல்கிறது. கண் சொல்வது தவறு. சாதாரண கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான். பெல்ஜியத்தின் டுவெல் வைக்கோல் நிறத்தில் இருக்கும், ஆனால் 8.5 சதவீதம். பியரின் வலிமை மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து, இறங்கும் சர்க்கரையைப் பொறுத்தது. அந்தச் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் கொடுப்பது வெளிர் மால்ட். கறுப்பாக வறுத்த மால்ட் நொதிப்பதற்கு மிகக் கொஞ்சமே தரும். அது கொடுப்பது நிறமும் வறுத்த வாசனையும்.

இதை லண்டன் காய்ச்சுநர்கள் அறிந்துகொண்ட விதம் சுவையானது, கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ட்டர் முழுக்கப் பழுப்பு மால்ட்டில் காய்ச்சியது. விறகுத் தீயில் வாட்டிய மால்ட் அது, விலை மலிவு. நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹைட்ரோமீட்டர் ஆலைக்குள் வந்தது. ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் அதைப் பற்றி எழுதிய நூல் எல்லோரையும் உசுப்பிவிட்டது. சாற்றின் அடர்த்தியை அளந்து பார்த்தபோதுதான், மலிவான பழுப்பு மால்ட் உண்மையில் மலிவே இல்லை, வெளிர் மால்ட் அதைவிட எவ்வளவோ அதிகம் சர்க்கரை தருகிறது என்பது புரிந்தது. எல்லோரும் வெளிர் மால்ட்டுக்குத் தாவினார்கள். போர்ட்டரின் நிறம் வெளுத்தது. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். 1811இல் அரசாங்கம் கருக்கிய சர்க்கரையை நிறத்துக்காகச் சேர்க்க அனுமதித்தது, சில ஆண்டுகளிலேயே அனுமதியைத் திரும்பப் பெற்றது. 1817இல் டேனியல் வீலர் என்பவர் இரும்பு உருளையில் மால்ட்டைக் கரிநிறம் வரும்வரை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து போர்ட்டர் என்பது பெரும்பகுதி வெளிர் மால்ட், கொஞ்சம் பழுப்பு மால்ட், மிகக் கொஞ்சம் கறுப்பு மால்ட். நம் வீட்டு ஃபில்டர் காபியில் சிக்கரி டிகாக்‌ஷனைக் கறுப்பாக்கும், ஆனால் காஃபீனைக் கூட்டாது. கறுப்பு மால்ட் பியரில் செய்யும் வேலையும் அதுவே. வெளிர் பியருக்கும் கறுப்பு பியருக்கும் நடுவே பெரிய மதில் இருப்பதாகப் பேசுகிறவர்கள், அந்த மதில் மொத்த மால்ட்டில் ஐந்து சதவீதம்தான் என்பதைக் கவனிப்பதில்லை.

ஹாப்ஸ் பக்கமும் இதே நிலைதான். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறிக் கசப்பாகின்றன. அந்தக் கசப்புப் பொருள்தான் பியரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுக்கிறது. சாறு கறுப்பா வெளிரா என்பது அந்த வேதிவினைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அடர்த்தி. டின்செத் என்பவரின் கணக்கு முறையை வீட்டுக் காய்ச்சுநர்கள் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 1.050 அடர்த்தியுள்ள சாற்றில் ஒரு மணிநேரம் கொதித்தால் ஆல்ஃபா அமிலத்தில் 23 சதவீதம் கசப்பாகச் சேரும். 1.080 என்றால் 17 அல்லது 18 சதவீதமே சேரும். ஆகவே வலிமையான பியரில் ஹாப்ஸைக் கூட்டுவது ஆடம்பரமில்லை. கூட்டாவிட்டால் பியர் திகட்டும். வலிமையான கறுப்பு பியர் பாகு போலிருக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஹாப்ஸ் குறைந்த பியரைக் குடித்துவிட்டுச் சொல்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. அது நாக்கைப் பற்றியது. வறுத்த மால்ட்டுக்கு ஒரு கசப்பு உண்டு, ஹாப்ஸுக்கு ஒரு கசப்பு உண்டு. இரண்டும் சேர்ந்தால் தொண்டையில் கரிப்புகை உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். தண்ணீரையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். லண்டன், டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். வறுத்த மால்ட்டின் அமிலத்தை அது சமன்செய்யும், அதனால் அங்கே கறுப்பு பியர் செழித்தது. பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். ஹாப்ஸின் கசப்பை அது கூராக்கும், அதனால் அங்கே பேல் ஏல் செழித்தது. இயற்கையே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது, நீ ஏன் சேர்க்கிறாய் என்பது கேள்வி.

இதில் பாதி உண்மை இருக்கிறது. மோசமாகக் காய்ச்சிய கறுப்பு ஐபிஏ சகிக்க முடியாதது. அப்படிப்பட்டவை சந்தையில் நிறைய வந்தன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கரிப்புக்கு மூலம் வறுப்பும் ஹாப்ஸும் சேர்ந்ததில் இல்லை. கறுக வறுத்த உமியும், அதை ஊறவைத்த விதமும்தான் மூலம். பார்லியின் உமியோடு சேர்த்து வறுத்தால் உமி கருகிக் கடுப்பைத் தரும். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்தில் உள்ள வையர்மன் மால்ட் நிறுவனம் உமியை நீக்கிவிட்டு வறுக்கும் காராஃபா ஸ்பெஷல் என்ற மால்ட்டைப் பல ஆண்டுகளாக விற்கிறது. அதில் நிறம் முழுதாக உண்டு, கடுப்பு மிகக் குறைவு. அதையும் தொடக்கத்திலிருந்தே வெந்நீரில் போட வேண்டியதில்லை. வெளிர் மால்ட் ஒரு மணிநேரம் ஊறி, சர்க்கரை இறங்கியபின், கடைசிப் பத்து நிமிடத்தில் மேலே தூவினால் போதும். முந்தின இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்த கறுப்புச் சாற்றைக் கொதிக்கும் பாத்திரத்தில் சேர்ப்பதும் உண்டு. இப்படிச் செய்யும்போது ஊறலின் அமிலத்தன்மை கெடுவதில்லை. பைகார்பனேட் தண்ணீரின் தேவையும் போய்விடுகிறது. அதன்பின் பர்ட்டனைப் போல ஜிப்சத்தைச் சேர்த்துக்கொள்ளத் தடை ஏது? தண்ணீர் ஊரைப் பொறுத்த விதியாக இருந்த காலம் போய்விட்டது. இன்று வீட்டுக் காய்ச்சுநரின் அலமாரியில் ஜிப்சம் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது.

பேச்சோடு நிறுத்தாமல் அளவுகளையும் தருகிறேன். இருபது லிட்டருக்கு நான் சொல்லும் பியர் இது. வெளிர் மால்ட் 6.2 கிலோ, நடுத்தர நிற கிரிஸ்டல் மால்ட் 300 கிராம், உமி நீக்கிய கறுப்பு மால்ட் 350 கிராம். கறுப்பு மால்ட் மொத்தத்தில் ஐந்து சதவீதம்தான், பியர் வெளிச்சத்தில் பிடித்தாலும் கறுப்பாகத்தான் தெரியும். ஊறலின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸ். 68க்கு ஏறவிட்டால் நொதிக்காத சர்க்கரை தங்கி, பியர் கனத்துவிடும். கறுப்பு பியர் என்றாலே ஊறலைச் சூடாக வைத்துக் கனத்தைக் கூட்ட வேண்டும் என்று பழகிய கை இந்த இடத்தில்தான் அடங்க வேண்டும். தொடக்க அடர்த்தி 1.075 வரும். ஆல்ஃபா 14 சதவீதமுள்ள ஹாப்ஸ் 40 கிராமை ஒரு மணிநேரம் கொதிக்கவிட்டால் ஐம்பது அலகு கசப்பு கிடைக்கும். மீதியைக் கொதியின் கடைசியில் போடும் ஹாப்ஸ் தரும். நொதித்து முடிந்தபின் நூறு கிராம் ஹாப்ஸை நேரடியாகப் பியரில் மூன்று நாள் ஊறவிட்டால் மணம் ஏறும். எந்த ஹாப்ஸ் என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு: சினூக், கொலம்பஸ், செண்டெனியல். பைன் மரப் பிசின், கிரேப்ஃப்ரூட் பழத்தோல் போன்ற மணங்கள் கொண்டவை. சாக்லேட், காபி வாசனையோடு அவை ஒட்டிக்கொள்ளும். மாம்பழம், கொய்யா மணக்கும் புதுவகை ஹாப்ஸை இதில் போடுவதை நான் விரும்புவதில்லை. வறுப்பும் ஹாப்ஸும் ஒத்துப்போகாது என்ற பெயர் வந்ததற்கு அந்தப் பழமணங்களும் ஒரு காரணம்.

வலிமையான பியர் வீட்டில் சரியாக நொதிக்காது, இனிப்பாக நின்றுவிடும் என்ற அச்சத்தையும் அடிக்கடி கேட்கிறேன். காரணம் பெரும்பாலும் ஈஸ்ட் போதாமைதான். 1.075 அடர்த்தியுள்ள இருபது லிட்டர் சாற்றுக்கு ஏறக்குறைய 27,000 கோடி ஈஸ்ட் செல்கள் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஒரு பொட்டலம் உலர் ஈஸ்ட்டைத் தூவிவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு பொட்டலம் வேண்டும், சாற்றை ஆறவைத்தபின் நன்றாகக் குலுக்கிக் காற்றேற்ற வேண்டும், முதல் மூன்று நாள் 18, 19 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. இவ்வளவும் செய்தால் அடர்த்தி 1.016 அளவில் வந்து நிற்கும். ஆல்கஹால் ஏழரை சதவீதத்தைத் தாண்டும். பேல் ஐபிஏ ஒன்றை இதே வலிமையில் காய்ச்சினாலும் வேலை இவ்வளவுதான். கருமை எந்தச் சிரமத்தையும் கூட்டவில்லை.

அமெரிக்காவின் பங்கை நான் மறைக்கவில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் கிரெக் நூனன் நடத்திய மதுவகத்தில், 1990களின் தொடக்கத்தில் கிளென் வால்டர் காய்ச்சிய பிளாக்வாட்ச் ஐபிஏதான் இன்றைய வகையின் முன்னோடி. அங்கே பணிசெய்த ஜான் கிம்மிக் பிறகு தன் சொந்த ஆலையில் அதைத் தொடர்ந்தார். 2007இல் கலிஃபோர்னியாவின் ஸ்டோன் ஆலை தன் பதினோராம் ஆண்டுக்கு அப்படியொரு பியரை வெளியிட்டது. ஆரிகன் பக்கத்தில் கேஸ்கேடியன் டார்க் ஏல் என்று பெயர் வைத்து உரிமை கொண்டாடினார்கள். 2015இல் பியர் நடுவர்களுக்கான பிஜேசிபி கையேடு அதைத் தனி வகையாகச் சேர்த்து, 5.5 முதல் 9 சதவீத ஆல்கஹால், 50 முதல் 90 அலகு கசப்பு என்று எல்லையும் குறித்தது. இவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் என்ன செய்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். கறுப்பையும் கசப்பையும் இவர்கள் முதலில் சேர்க்கவில்லை, இந்தியாவுக்குப் போன போர்ட்டரில் அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. இவர்கள் சேர்த்தது அமெரிக்க ஹாப்ஸின் மணத்தை. கேஸ்கேட் 1972இலும் சினூக் 1985இலும் செண்டெனியல் 1990இலும் வெளிவந்தவை. கென்ட் மாவட்டத்துக் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் மட்டும் தெரிந்த பழைய லண்டன்காரருக்கு அந்த மணம் கிடைத்திருக்க வழியில்லை.

சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது, கறுப்பு ஐபிஏ 2010ஐ ஒட்டிக் கொஞ்ச காலம் விற்றது, பிறகு கலங்கல் ஐபிஏ வந்ததும் கடையிலிருந்து மறைந்துவிட்டது என்பது எதிர்த்தரப்பின் கடைசி வாதம். கடையிலிருந்து மறைந்தது உண்மை. போர்ட்டரும் ஒரு காலத்தில் மறைந்தது. லண்டனைக் கட்டியாண்ட அந்த பியரை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனே காய்ச்சுவதை நிறுத்தியது. கின்னஸ் தன் சாதாரண போர்ட்டரை 1970களில் கைவிட்டது. அதே 1970களில், மேற்கு லண்டனில் டர்டன் பார்க் பியர் சர்க்கிள் என்ற வீட்டுக் காய்ச்சுநர் குழு ஆலைகளின் பழைய பேரேடுகளைத் தேடிப் படித்து, அளவுகளைச் சின்னப் பாத்திரத்துக்குச் சுருக்கி, செத்துப்போன பியர்களை ஒவ்வொன்றாகக் காய்ச்சிப் பார்த்தது. ஜான் ஹாரிசனும் அவருடைய தோழர்களும் அந்தச் செய்முறைகளை நூலாகவும் போட்டார்கள். வரலாற்றாசிரியர்கள் பலர் ஐபிஏ கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்த வீட்டுக் காய்ச்சுநர்கள் பேரேட்டில் இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். சந்தையின் தீர்ப்பை அவர்கள் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருந்தால், இன்று போர்ட்டர் அருங்காட்சியகப் பொருளாக இருந்திருக்கும்.

கறுப்பு ஐபிஏ கடையில் தோற்றதற்குத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. ஹாப்ஸின் மணம் பறந்துபோகும் பொருள். ஆக்சிஜன் பட்டால், சூட்டில் இருந்தால், சில வாரங்களில் மங்கிவிடும். கறுப்பு பியர் என்றால் எவ்வளவு நாளும் நிற்கும் என்ற எண்ணத்தில் கடைக்காரர் அதைக் குளிர்பெட்டிக்கு வெளியே அடுக்குகிறார், வாங்குபவரும் மாதக்கணக்கில் வைத்திருந்து திறக்கிறார். அதற்குள் பைனும் பழத்தோலும் போய், வறுத்த கசப்பு மட்டும் தனியாக நிற்கிறது. அதைக் குடித்துவிட்டு, இரண்டும் சேராது என்று முடிவுகட்டுகிறார்கள். வீட்டில் காய்ச்சுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பாட்டிலில் அடைத்து இரண்டு வாரம் நுரையேற விட்டு, குளிர்பெட்டியில் வைத்து, ஆறு வாரத்துக்குள் குடித்துவிடலாம். இந்த பியருக்கு வீடுதான் பொருத்தமான இடம் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். கோல்டிங்ஸ் போட்டுப் பழைய இந்தியா போர்ட்டர் வழியில் காய்ச்சினால் கணக்கு வேறு. அதற்கு மணம் முக்கியமில்லை, கசப்பு மட்டுமே முக்கியம். ஆறு மாதம் இருட்டில் கிடந்தால் அந்தக் கசப்பு மென்மையாகிவிடும்.

கண் நாக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு மது உலகத்திலேயே பேர்பெற்ற ஓர் ஆய்வு உண்டு. பிரான்சின் போர்தோவில் கில் மோரோ, ஃபிரெடெரிக் புரோஷே, டெனி துபூர்தியூ மூவரும் செய்து 2001இல் வெளியிட்டது. மதுவியல் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அந்த ஒயினைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வருணித்தார்கள். பயிற்சி பெற்ற மூக்குகளுக்கே அதுதான் நிலை. பியரில் இதையொத்த சோதனையை எந்த வீட்டிலும் செய்யலாம். வையர்மன் நிறுவனமே வறுத்த மால்ட்டிலிருந்து எடுத்த சினமார் என்ற கறுப்புத் திரவத்தை விற்கிறது. நிறம் மிகுதி, சுவை மிகக் கொஞ்சம். மேலே சொன்ன அளவில் கறுப்பு மால்ட்டை மட்டும் விட்டுவிட்டு வெளிர் ஐபிஏ ஒன்றைக் காய்ச்சுங்கள். பாதியை அப்படியே விட்டு, மறுபாதியில் இந்தத் திரவத்தைக் கலந்து கறுப்பாக்குங்கள். கூடவே உண்மையான கறுப்பு மால்ட் சேர்த்த பியரையும் தனியாகக் காய்ச்சி வையுங்கள். கறுப்பும் ஹாப்ஸும் சேராது என்று அடித்துப் பேசும் நண்பரைக் கூப்பிட்டு மூன்றையும் கொடுங்கள், முதலில் கண்ணாடிக் குவளையில், அரைமணி கழித்து வெளிச்சம் புகாத குவளையில். குளிர்ச்சி மூன்றுக்கும் ஒன்றாக, பத்து டிகிரியை ஒட்டி இருக்கட்டும். எந்தக் குவளையில் எது என்பதை ஊற்றுகிறவர் மட்டும் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளட்டும்.